கல்லுக்குக் கொடுத்த காசு
(யோர்க் பேராலயத்தின் கணக்கிலிருந்து எமது கோயில்களுக்குச் சில பாடங்கள்)



எந்தக் கோயிற் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி தவறாமல் எழும். "திருப்பணி நிதியில் இவ்வளவு பணம் வங்கியிலே கிடக்கிறது. பிறகு ஏன் மின்சாரக் கட்டணத்துக்கும் ஐயரின் சம்பளத்துக்கும் எங்களிடம் கேட்கிறீர்கள்? அதிலிருந்து எடுத்துச் செலவழித்தால் என்ன?" கேட்பவர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. வீட்டிலே ஒரு பெட்டியில் இருக்கும் பணத்தை எந்தத் தேவைக்கும் எடுக்கலாம் என்ற பழக்கத்தில் கேட்கிறார். ஆனால் கோயிற் பணம் வீட்டுப் பணம் அல்ல. அது ஏன் என்பதைப் படிப்பதற்கே இந்தக் கட்டுரை.

எமது சங்கத்தை உதாரணமாக வைத்துப் பேசினால் அது விவாதமாகிவிடும். ஆகையால் நாம் வந்து குடியேறிய இந்த நாட்டிலே, எண்ணூறு ஆண்டுகளாக ஒரு பெருங் கட்டிடத்தைக் காத்து வருபவர்களின் கணக்கைப் பார்ப்போம். வட இங்கிலாந்தில் உள்ள யோர்க் மின்ஸ்டர் என்னும் பேராலயம்தான் அது. பாடசாலைச் சுற்றுலாவில் அங்கு போய்வந்த பிள்ளைகள் எங்கள் வீடுகளிலும் இருப்பார்கள்.

கட்டிடத்தின் கதை

இன்று நாம் காணும் பேராலயத்தின் வேலை 1220ஆம் ஆண்டளவில் தொடங்கியது. 1472இல்தான் நிறைவு பெற்றுப் பிரதிட்டை செய்யப்பட்டது. ஏறத்தாழ 250 ஆண்டுகள். அத்திவாரம் வெட்டியவரின் பேரனுக்குப் பேரன்கூட முடிவைக் காணவில்லை. இடையிலே 1407இல் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது, திரும்பவும் கட்டினார்கள். 1829இல் ஜொனதன் மார்ட்டின் என்பவர் வேண்டுமென்றே தீ வைத்தார். 1840இல் வேலையாள் ஒருவரின் கவனக்குறைவால் மீண்டும் தீப்பிடித்தது. 1984ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி அதிகாலையில் தெற்குப் பக்கக் கூரை எரிந்து விழுந்தது. அது மின்னலால் வந்திருக்கலாம் என்பதே விசாரித்தவர்களின் முடிவு.

ஒவ்வொரு முறையும் கட்டிடம் எழுந்து நின்றது. அதற்குப் பக்தி மட்டும் போதவில்லை. கணக்கும் வேண்டியிருந்தது.

1967: விழுமுன் கண்டுபிடித்த வெடிப்பு

கட்டிடத்தின் பொறுப்பைக் கவனிக்கும் கட்டிடக் கலைஞராக 1965இல் பேர்னாட் ஃபீல்டன் என்பவர் நியமிக்கப்பட்டார். அவர் சுவர்களையும் தூண்களையும் முறையாக ஆராய்ந்தபோது, சுமார் 16,000 தொன் எடையுள்ள நடுக்கோபுரம் தன் அத்திவாரத்தில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். வெடிப்புகள் பெருகிக்கொண்டிருந்தன. பொறுத்திருந்தால் 1407இல் நடந்தது மறுபடியும் நடக்கும்.

1967இல் 20 இலட்சம் பவுண் வேண்டும் என்று பொதுமக்களிடம் வேண்டுகோள் விடப்பட்டது. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. பணம் சேர்ந்தது. கோபுரத்தின் அடியைத் தோண்டி, பழைய அத்திவாரங்களைச் சுற்றிக் கொங்கிறீற்றால் கட்டி, துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளால் இறுக்கினார்கள். 1972இல் வேலை முடிந்தது. தோண்டிய இடத்தில் உரோமர் காலப் படைமுகாமின் எச்சங்கள் வெளிப்பட்டன. இன்று அவை நிலத்தடி அருங்காட்சியகத்தில் உள்ளன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பணத்தைத் திரட்டுவதற்கென்று 1967இல் 'யோர்க் மின்ஸ்டர் நிதியம்' என்ற தனி அறநிறுவனம் அமைக்கப்பட்டது. கோபுரம் காப்பாற்றப்பட்ட பின் அதை மூடிவிடவில்லை. இன்றும் அது பேராலயத்தின் கல்லுக்கும் கண்ணாடிக்குமாகப் பணம் திரட்டி வருகிறது. கோபுரத்துக்கு ஆபத்து நீங்கலாம். கட்டிடத்தின் தேவை ஒருநாளும் நீங்காது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

வேறு வேறு பைகள்

பேராலயத்தை நாளாந்தம் நடத்துவது அதன் நிர்வாக சபை. குருமார், பாடகர் குழு, ஊழியர் சம்பளம், வெப்பமூட்டல், துப்புரவு, காவல் எல்லாம் அந்தச் சபையின் பொறுப்பு. நிதியமோ தனி அறங்காவலர்களைக் கொண்ட தனி நிறுவனம். அதன் கவனம் கட்டிடத்தின் மீது. இவை இரண்டையும்விட 1928இல் தொடங்கிய 'மின்ஸ்டரின் நண்பர்கள்' என்ற சங்கமும் உண்டு. அங்கத்தவர்கள் ஆண்டுதோறும் செலுத்தும் சந்தாவில் அது நடக்கிறது.

பைகளைப் பிரித்து வைப்பது இவர்கள் புதிதாகக் கண்ட முறை அல்ல. யோர்க் பேராலயத்தில் 14ஆம் நூற்றாண்டு முதலே கட்டிட வேலைக்கென்று தனிக் கணக்கு எழுதப்பட்டது. தோற்சுருள்களில் எழுதிய அந்தக் கணக்குகளில் பல இன்றும் இருக்கின்றன. 1859இல் நூலாகவும் அச்சேறின. கல்லுக்கு எவ்வளவு, மரத்துக்கு எவ்வளவு, கொத்தனாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்தவர்களின் கணக்கை அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் நாம் வாசிக்கலாம். நல்ல கணக்கு எழுதியவரின் ஆயுளைத் தாண்டி நிற்கும்.

மூவகைப் பணம்

இந்த நாட்டு அறநிறுவனச் சட்டப்படி கணக்கிலே பணம் மூன்று வகையாகப் பிரிகிறது. இதுவே இன்றைய பாடத்தின் மையம்.

1. பொது நிதி. உண்டியற் காசு, அர்ச்சனைச் சீட்டு, அங்கத்துவப் பணம் போன்றவை. நிறுவனத்தின் எந்த நோக்கத்துக்கும் அறங்காவலர்கள் செலவழிக்கலாம்.

2. குறித்த நோக்க நிதி. "இது இராசகோபுரத்துக்கு", "இது அன்னதானத்துக்கு" என்று சொல்லிக் கேட்டு வாங்கிய பணம். கொடுத்தவர் எதற்குக் கொடுத்தாரோ அதற்கு மட்டுமே செலவழிக்கலாம். வேறொன்றுக்கு எடுத்தால் அது நம்பிக்கை மீறல். அப்படி எடுத்த அறங்காவலர்கள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து ஈடுசெய்ய நேரலாம்.

3. மூலதன அறக்கொடை. முதலைத் தொடாமல் அதன் வருவாயை மட்டும் பயன்படுத்தும்படி தந்த பணம்.

மூன்றாவது வகை எங்கள் முன்னோருக்குப் புதியதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் தானம் என்று மீண்டும் மீண்டும் வரும். அந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா? ஒவ்வொரு ஆடும் சாகும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது. குட்டிகளைக் கொண்டு நிரப்பிக்கொண்டு, நெய்யை மட்டும் கோயிலுக்கு அளக்க வேண்டும். முதல் குறையாது, பயன் மட்டும் வரும். இன்றைய கணக்காளர் நீண்ட பந்தியிலே எழுதுவதை அந்தக் கல்வெட்டு இரண்டு மூன்று சொற்களில் எழுதிவிட்டது.

இவை தவிர, பொது நிதியில் ஒரு பகுதியை "கூரை திருத்த" என்று சபையே ஒதுக்கி வைக்கலாம். அது ஒதுக்கிய பொது நிதி. சபை ஒதுக்கியதைச் சபையே மாற்றலாம். அடியார் குறித்துக் கொடுத்ததைச் சபை தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. இந்த வேறுபாட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கற்பனைக் கோயிலின் ஐந்தொகை

பின்வருவது விளக்கத்துக்காக நான் அமைத்த கணக்கு. எந்தக் கோயிலையும் குறிக்காது.

வங்கியில் உள்ள மொத்தப் பணம்: 165,000 பவுண்
இதில்,
திருப்பணி நிதி (குறித்த நோக்கம்): 140,000
அன்னதான உபயம் (குறித்த நோக்கம்): 12,000
விளக்கு உபயம் (மூலதனம்): 10,000
பொது நிதி: 3,000

கூட்டத்திலே ஒருவர் முதல் வரியை வாசித்துவிட்டு, "165,000 இருக்கிறதே, கோயில் நல்ல வசதியாக இருக்கிறது" என்பார். கணக்கு அறிந்தவர் கடைசி வரியைப் பார்ப்பார். கோயிலின் மாதச் செலவு 4,000 பவுண் என்றால், இந்தக் கோயிலின் கையில் ஒரு மாதச் செலவுக்குக்கூடப் பணம் இல்லை. வங்கியில் பணம் நிறைந்திருக்க, கோயில் நெருக்கடியில் இருக்கிறது.

"பிறகு திருப்பி வைத்துவிடலாம், இப்போது கைமாற்றாக எடுப்போம்" என்று சொல்வதும் உண்டு. மூவாயிரம் பவுண் கையிருப்பு உள்ள பொது நிதி எதைக்கொண்டு திருப்பித் தரும்? பணத்தைக் கேட்கும்போது கோபுரத்தின் படத்தைக் காட்டிக் கேட்டோம். இரவுவேலைச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒரு தாய் இருபது பவுண் தந்தது அந்தக் கோபுரத்துக்காக. அவருக்குக் கொடுத்த வார்த்தை அந்த இருபது பவுணோடு சேர்ந்து வங்கியில் இருக்கிறது.

ஒரு ஜன்னல், இரண்டு விலை

யோர்க் பேராலயத்தின் கிழக்குப் பெருஞ்சன்னல் உலகப் புகழ் பெற்றது. அதன் வண்ணக் கண்ணாடிகளைச் செய்ய 1405இல் கொவென்ட்ரி நகரத்து ஜோன் தோர்ன்டன் என்ற கலைஞருடன் ஒப்பந்தம் செய்தார்கள். அதன் விதிகள் மூன்று ஆண்டு வேலை, வாரம் 4 சிலிங், ஆண்டுக்கு 5 பவுண், வேலை முடிந்ததும் 10 பவுண் வெகுமதி. அக்காலத்தில் ஒரு பவுணுக்கு 20 சிலிங். பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 156 வாரங்களுக்கு 624 சிலிங், அதாவது 31 பவுண் 4 சிலிங், அதனோடு 15 பவுண், அதனோடு 10 பவுண். ஆக 56 பவுண் 4 சிலிங். 1408இல் வேலை முடிந்தது. செலவை ஏற்ற உபயகாரர் டேர்ஹம் ஆயர் வோல்ட்டர் ஸ்கேர்லோ. ஜன்னலின் அடியில் அவர் முழந்தாளிட்டிருக்கும் உருவத்தை இன்றும் காணலாம்.

அறுநூறு ஆண்டுகள் கழித்து, 2008இல் அதே ஜன்னலைக் கழற்றினார்கள். 311 கண்ணாடிப் பலகைகள். அவற்றைத் துப்புரவாக்கித் திருத்தி, வெளிப்புறத்தில் சூரியனின் ஊதாக் கடந்த கதிரைத் தடுக்கும் காப்புக் கண்ணாடியும் பொருத்தி, வேலையை நிறைவுசெய்ய 2018 ஆகிவிட்டது. 92,400 மணித்தியால உழைப்பு. செலவு 1 கோடியே 15 இலட்சம் பவுண். பலகை ஒன்றுக்குச் சராசரி ஏறத்தாழ 37,000 பவுண்.

மூன்று ஆண்டில் செய்ததைத் திருத்தப் பத்து ஆண்டுகள். பணத்தின் பெறுமதி மாறியதை விட்டுவிட்டாலும், செய்வதைவிடக் காப்பது சில வேளைகளில் கடினமானது என்பதை அந்தக் காலக்கணக்கே சொல்கிறது. அந்தக் காப்புக் கண்ணாடியைக் கவனியுங்கள். அதை வெளியே நின்று பார்த்து வியப்பவர் யாரும் இல்லை. ஆனால் அடுத்த பெருஞ்செலவைப் பின்தள்ளுவது அதுதான். கோபுரத்துக்குக் கொடுக்கப் பலர் முன்வருவார்கள். பீலியைத் துப்புரவாக்கக் கொடுப்பவர் குறைவு. பீலி அடைத்தால்தான் கோபுரத்துக்குள் தண்ணீர் இறங்கும்.

பணம் வரும் வழிகள்

முதலாவது, காப்புறுதி. 1984 தீயின் பின் திருத்த வேலைக்கு 22 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் செலவானது. கட்டிடம் காப்புறுதி செய்யப்பட்டிருந்தது. 1988இல் வேலை முடிந்தது. புதிய கூரையின் புடைப்புச் சிற்பங்களில் ஆறு, 'புளூ பீட்டர்' என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் போட்டியில் வென்ற பிள்ளைகளின் கற்பனையில் உருவானவை. ஆண்டுதோறும் காப்புறுதிக் கட்டணம் செலுத்தும்போது அது வீண்செலவு போலத் தெரியும். ஒரு இரவு போதும், அப்படியல்ல என்று காட்ட.

இரண்டாவது, வாசற் கட்டணம். 2003 முதல் யோர்க்கில் சுற்றிப்பார்க்க வருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள்; வழிபட வருபவர்களுக்கு இல்லை. இது பெரிய வருவாய். ஆனால் 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நாட்டின் வழிபாட்டிடங்கள் எல்லாம் மூடப்பட்டபோது அந்த வருவாய் ஒரே நாளில் நின்றது. சம்பளமும் காவலும் நிற்கவில்லை. ஒரே ஊற்றை நம்பியிருப்பது ஆபத்து. திருவிழாக் காலத்து வருமானத்தையே நம்பியிருக்கும் எமது கோயில்களும் அந்த ஆண்டில் இதைக் கற்றுக்கொண்டன.

மூன்றாவது, பெரும் மானியங்கள். தேசிய லொத்தர் 1994இல் தொடங்கிய பின் அதன் பணத்தில் ஒரு பகுதி பழைமைச் சின்னங்களுக்குப் போகிறது. 2011க்கும் 2016க்கும் இடையில் யோர்க்கில் நடந்த சுமார் 2 கோடி பவுண் திட்டத்தில் ஏறக்குறைய அரைவாசி லொத்தர் நிதியிலிருந்து வந்தது. மீதியை அவர்களே தேட வேண்டியிருந்தது. மானியம் தருபவர் முதலில் கேட்பது, "உங்கள் பங்கு எவ்வளவு? கடந்த ஆண்டுகளின் கணக்கு எங்கே?" என்பதைத்தான்.

நான்காவது, வரிச் சலுகை. பட்டியலிட்ட வழிபாட்டுக் கட்டிடங்களின் திருத்த வேலைக்குச் செலுத்தும் வற் வரியைத் திருப்பித் தரும் திட்டம் 2001இல் வந்தது. 2025 ஏப்ரலில் ஒரு கட்டிடத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண் என்ற உச்ச எல்லை விதித்தார்கள். வரி 20 வீதம் ஆகையால், 125,000 பவுணுக்கு மேற்பட்ட வேலை என்றால் மிகுதி வரி கட்டிடக்காரர் தலையில் விழுந்தது. அரசு தரும் சலுகை அரசின் வசதிக்கேற்ப மாறும். அதை நிரந்தர வருமானமாக எழுதிவைக்கக் கூடாது.

ஐந்தாவது, எங்கள் கையிலேயே இருப்பது: கிஃப்ட் எயிட். இத்திட்டம் 1990இல் தொடங்கியபோது 600 பவுணுக்குக் குறைந்த நன்கொடைக்குக் கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு அந்த எல்லை நீக்கப்பட்டது. வருமானவரி செலுத்தும் ஒருவர் படிவத்தை நிரப்பி 20 பவுண் கொடுத்தால், கோயில் அரசிடமிருந்து மேலும் 5 பவுண் பெறலாம். கையெழுத்து ஒன்றுதான் செலவு. பெயர் எழுதாமல் உண்டியலில் போடுவது மேலான தர்மம் என்று எண்ணுவோர் உண்டு; அதை மதிக்கிறேன். ஆனாலும் அந்த ஐந்து பவுணைக் கோயில் இழக்க நேரலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஐந்து ஆண்டும் பன்னிரண்டு ஆண்டும்

இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களைக் கட்டிடக் கலைஞர் ஒருவர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது 1955 முதல் சட்டம். உடனே செய்ய வேண்டியது எது, பொறுக்கக்கூடியது எது என்று அவர் எழுதித் தருவார். அதைக் கொண்டுதான் வரும் ஆண்டுகளின் நிதித்திட்டம் எழுதப்படும்.

எங்களிடமும் இதற்கு ஒப்பான மரபு இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம். பாலஸ்தாபனம் செய்து, வெடித்ததைப் பூசி, மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தனத்தைப் புதிதாகச் சாத்துகிறோம். ஆகமம் கட்டிடப் பராமரிப்பைச் சடங்காகவே விதித்திருக்கிறது. ஆனால் பன்னிரண்டாம் ஆண்டிலே ஒரே முறையாகப் பணம் தேடி ஓடுகிறோம். 120,000 பவுண் செலவாகும் என்று தெரிந்தால், ஆண்டுக்கு 10,000 வீதம் முதலாம் ஆண்டிலிருந்தே ஒதுக்கி வரலாமே.

நன்கொடை கேட்கும் துண்டுப் பிரசுரத்திலும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: "சேரும் பணம் போதாவிட்டால் அல்லது மிஞ்சினால், அது கோயிலின் பொதுத் தேவைக்குப் பயன்படுத்தப்படும்." கேட்கும்போதே இதைச் சொல்லிவிட்டால், கொடுப்பவர் அறிந்தே கொடுக்கிறார். சொல்லாமல் விட்டால், பின்னர் கொடுத்தவர்களைத் தேடி அனுமதி கேட்கவோ சட்ட வழிகளை நாடவோ நேரும்.

பொதுக்கூட்டத்தில் கேட்க நான்கு கேள்விகள்

கணக்கு வாசிக்கும்போது வெளியே தேநீர் குடிக்கப் போகாமல் இருந்து, இவற்றைக் கேளுங்கள்.

1. வங்கியில் உள்ளதில் பொது நிதி எவ்வளவு? அது எத்தனை மாதச் செலவுக்குப் போதும்?
2. குறித்த நோக்க நிதிகள் தனித்தனியே காட்டப்பட்டுள்ளனவா? இந்த ஆண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாறியதா? மாறியிருந்தால் ஏன்?
3. கட்டிடத்தைக் கடைசியாக யார், எப்போது பரிசோதித்தார்? காப்புறுதித் தொகை இன்றைய கட்டுமானச் செலவுக்குப் போதுமா?
4. அடுத்த கும்பாபிஷேகத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினோம்?

இக்கேள்விகளைக் கேட்பது சபையை அவமதிப்பதாகாது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் இங்கிலாந்தின் பழம்பெரும் பேராலயங்களும் அறநிறுவன ஆணைக்குழுவின் மேற்பார்வைக்குள் வந்துள்ளன. எண்ணூறு ஆண்டுப் பெருமை உள்ளவர்களே கணக்குக் காட்டும்போது, நாற்பது ஆண்டுச் சங்கங்கள் தயங்க வேண்டியதில்லை. கேள்வி கேட்பவரே அடுத்த ஆண்டில் பொருளாளராக வரவும் முன்வர வேண்டும். அதுவும் ஒரு சரியைத் தொண்டே.

எங்களில் பலர் ஊர்க் கோயிலையும், அங்கே பரம்பரையாகச் செய்துவந்த உபயத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள். இங்கே புதிதாக ஒன்றைக் கட்டியிருக்கிறோம். இதை எங்கள் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும்போது, திறப்போடு கணக்குப் புத்தகத்தையும் கொடுக்க வேண்டும். அதைத் திறந்து பார்க்கும் பிள்ளைக்கு, தன் அம்மம்மா எதற்குக் கொடுத்தாரோ அதற்கே அந்தக் காசு போயிற்று என்பது தெரிய வேண்டும்.

எல்லோருக்கும் திருவருள் துணை நிற்பதாக.